பட்டாள வண்டியும் நாலு டஜன் முட்டையும்

மயிலாப்பூரில் முட்டை வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குளத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் முட்டை என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் சொன்ன காலத்தில்தான் என் அத்தா சாந்தோம் ரொட்டிக் கடைகளுக்கும், ராயப்பேட்டை ஓட்டல்களுக்கும், அடையாற்றுப் பங்களாக்களுக்கும் கூடை கூடையாக முட்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். வைத்தியர் சொன்னார் என்று காரணம் சொல்லிக்கொண்டு, குளத்தங்கரை வீடுகளிலிருந்தும் சிலர் எங்கள் பின்வாசலுக்கு வந்து போனதுண்டு. அவர்கள் யார் யார் என்று அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்துச் சந்தைகளில் முட்டை வாங்கிப் பட்டணத்துக்குக் கொண்டுவர அத்தாவிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய வண்டி அது. மைல் காட்டும் எண்கள் எல்லாம் ஒன்பதாகி, பிறகு எல்லாம் சைபராகி, மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தன. வண்டி இரண்டாம் தடவை பிறந்திருக்கிறது, இப்போது அதற்குச் சின்ன வயசு என்பார் அத்தா. அந்தச் சின்ன வயசுக்காரிக்கு இடது கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும், ரெண்டாவது கியர் தானாக நழுவும், தாம்பரத்துக்குள் இரண்டு குடம் தண்ணீர் குடிக்கும்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். சில நாள் கிளம்பாமல் திருப்பி உதைக்கும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அப்படி உதைத்து அத்தாவின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு ஆறிய பிறகு இன்னொன்று தொடங்கியது. வண்டி கிளம்பியதும் அத்தா உடனே ஏறி உட்காராமல், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். முகம் சாம்பலாக இருக்கும். அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வேறு ஆளை விட்டுச் சுற்றச் சொல்லலாமே என்றால் அத்தா கேட்கமாட்டார். கை மாறினால் இஞ்சின் கோபித்துக்கொள்ளுமாம்.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு செய்தியோடு வந்தார். அம்மாவின் தம்பி அவர். சண்டையில் பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்து, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பட்டாளம் விட்டுப் போன வண்டிகளை ஏலம் போட்டதில் அவருடைய முதலாளி ஒன்றை எடுத்திருந்தார். எங்கள் வண்டி அளவேதான், ஆனால் பித்தானை அழுத்தினால் இஞ்சின் தானே கிளம்பும். பித்தான் என்ற சொல் காதில் விழுந்த அந்த நிமிஷமே அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அத்தாவும் அதே நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார், வேண்டாம் என்று. எவனோ ஓட்டித் தேய்த்து, சண்டை போட்டு, சலித்துப் போய் விட்டுப் போன வண்டியை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்? நம் வண்டிக்கு என்ன நோய் என்று நமக்குத் தெரியும், அதன் நோய் யாருக்குத் தெரியும்? நியாயமான கேள்விதான். அம்மாவோ தினமும் காலையில் அத்தா கைப்பிடியை எடுக்கும்போது வாசலில் வந்து நின்று, ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

“இந்த இரும்பை இனிமே நீங்க தொடக் கூடாது.”

இரண்டு வாரம் இதே கதை. இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு ஒன்பது வயது. நான் அத்தா கட்சி. அந்தப் பழைய வண்டியின் முன் சீட்டில் எனக்கென்று ஒரு கிழிசல் இருந்தது, அதில் விரலை விட்டுத் தேங்காய் நாரை இழுத்துக்கொண்டே போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமா அந்தப் பட்டாள வண்டியையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பச்சை வண்ணம், பக்கவாட்டில் சுரண்டிய வெள்ளை எண்கள். தெருவே கூடிவிட்டது. அத்தா சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், டயரைத் தட்டினார். ஓட்டுகிறவன் உட்காரும் இடமே தப்பான பக்கத்தில் இருக்கிறதே என்றார். அமெரிக்காக்காரன் அப்படித்தான் உட்காருவான் என்றார் மாமா. அத்தா பின்பக்கம் போய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். வண்டி அசையவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வியாபாரத்தில் ஊறியவர் இல்லையா, குறை சொல்ல ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இது துப்பாக்கி ஏற்றச் செய்த வண்டி, அடியில் இருக்கிற வில்லுப்பட்டையெல்லாம் பாறை மாதிரி இருக்கிறது, முட்டைக்கு ஆகாது.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னா மச்சான் அப்டி சொல்லிட்ட? ஓட்டிப் பாக்காமயே பேசிக்கினு கீறியே.”

சரி, ஓட்டியே பார்க்கலாம் என்றார் அத்தா. ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு ஒரு கூடையில் நாலு டஜன் முட்டை. அடையாற்றுப் பாலம் தாண்டிக் கிண்டி வரை போய்த் திரும்ப வேண்டும். பட்டாள லாரிகள் ஓடியோடி அந்தச் சாலை முழுக்கக் குழி. ஒரே ஒரு முட்டை ஒழுகியிருந்தாலும் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சே கூடாது. ஒன்றுகூட ஒழுகவில்லை என்றால் வாங்கிவிடுவது. எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அம்மா வாசல் திரைக்குப் பின்னாலிருந்து, சம்மதம் என்றாள்.

அத்தாவும் மாமாவும் தொழுகைக்குப் புறப்பட்டதும் அம்மா கதவைத் தாழிட்டாள். பிரியாணிக்கு எடுக்கும் பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கூடையை இழுத்து வைத்து, வைக்கோலை விலக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ரொட்டிக் கடைக்காரருக்கு ஒரு கூமுட்டை போய்விட்டால் பதிலுக்கு இரண்டு அனுப்புகிறவள் என் அம்மா. பொய் சொன்னால் எங்கள் வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டுகிறவள். அவள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஆறேழு நீங்கலாக நாலு டஜனையும் அவித்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டு, துடைத்து, வைக்கோலுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தா ஒன்றை உடைத்துப் பார்த்தாலும் தெரியாதபடி, மேல் வரிசையில் மட்டும் அவிக்காத அந்த ஆறேழு முட்டையை வைத்தாள், வைக்கோலை இரண்டு பங்காகப் போட்டு. அடி வரிசை இன்னும் சூடாக இருக்கிறதே என்றேன். நேரமில்லை என்றாள். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, “அத்தாகிட்ட மூச்சு விடாதே. எனக்கு அவர் வேணும், தெரியுதா?” என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அடுப்பு மாதிரி இருந்தது கண்.

சாப்பாடானதும் கிளம்பினோம். மாமா ஓட்டினார், பக்கத்தில் அத்தா. பின்னால் கூடையோடு நான். கூடையைத் தொடக் கூடாது, அது விழுந்தால் விழட்டும் என்று அத்தா சொல்லியிருந்தார். மாமா குழிகளுக்கு விலகவே இல்லை, வண்டியின் பெருமையைக் காட்டுகிறாராம். என் பல்லோடு பல் மோதியது. அடையாற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது நான் ஒரு முழ உயரம் எழும்பி விழுந்தேன். கூடையும் என்னோடு எழும்பி விழுந்தது. கிண்டியில் குதிரைகளுக்காக ஒருமுறை நின்றோம், அவ்வளவுதான். திரும்பி வந்து இறங்கியபோது எனக்கு உட்கார முடியவில்லை.

கூடையை வாசலில் இறக்கினார்கள். அத்தா வைக்கோலை எடுத்தார். மேல் வரிசை அல்லாஹ் காப்பாற்றி முழுசாக இருந்தது. கூடையைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அத்தா விடவில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார்.

முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டினார்.

“இது இன்னும் சூடா கீதே” என்றார்.

“இஞ்சின் சூடு மச்சான்” என்றார் மாமா. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அத்தா வாசல் திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே அம்மாவின் பாதங்கள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அத்தா முட்டையைத் திரும்பக் கூடைக்குள் வைத்து வைக்கோலால் மூடினார். “ஆமா, இஞ்சின் சூடுதான். உன் முதலாளிகிட்ட பேசி முடிச்சுடு” என்றார்.

மறுநாளே பட்டாள வண்டி வீட்டுக்கு வந்தது. பழைய வண்டியை ஒருவர் கட்டி இழுத்துக்கொண்டு போனார், நான் அழுதேன். முதல் தடவை செங்கல்பட்டிலிருந்து வந்த லோடில் பாதிக் கூடைகள் ஒழுகின. சாலையைத் திட்டினார் மாமா. அத்தா யாரையும் திட்டவில்லை. அடியில் உமி மூட்டைகளைப் பரப்பி, அதன் மேல் கூடைகளை வைக்கப் பழகிக்கொண்டார். வீட்டிலோ அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் சோற்றுக்கு முட்டை ஆணம், முட்டைப் பொரியல், இடியாப்பத்துக்கும் முட்டை. இவ்வளவு முட்டை எங்கிருந்து வந்தது என்று அத்தா கேட்கவே இல்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்று ஒருநாள் சொன்னார்.

முட்டையை ஆட்டிப் பார்த்தே எத்தனை நாள் முட்டை என்று சொல்லக் கூடியவர், சொந்த வீட்டில் ஏமாந்துவிட்டாரே என்று எனக்குத் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் அவர் உமி பரப்பிக்கொண்டிருந்தபோது போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கையில எடுத்தப்பவே தெரியும்மா. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டு அவிச்சிருக்கா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏமாற்றினவளைப் பாவம் என்கிறாரே, இவர் என்ன மனுஷர் என்று இருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் ரகசியம் ஒன்று, அத்தாவின் ரகசியம் ஒன்று, இரண்டையும் சுமந்துகொண்டு, எது வாய் தவறி வெளியே வந்தாலும் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்து செத்தேன்.

அத்தா அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். இஞ்சினைக் கிளப்ப இரும்பைத் தொட்டதே இல்லை. படுக்கையில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, இனி சொல்லலாம் என்று அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அந்த முட்டை விஷயம் அத்தாவுக்கு அன்றைக்கே தெரியும் என்றேன்.

அம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அவருக்குத் தெரியாம நான் எதையாவது செஞ்சிருக்கேனாடி? இஞ்சின் சூடுன்னு அவர் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

ஒன்பது வயதில் அந்த வீட்டின் நிம்மதியே என் வாயில்தான் இருக்கிறது என்று நம்பி, ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனவள் நான். அவர்கள் இரண்டு பேரும் என் எதிரிலேயே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.