ஹாட்லி கோட்டையும் என் வீட்டு முதிரைக் கதவும்

என் அண்ணை பல வருடங்களாக ஒரு கோட்டையை ரயில் யன்னலால் மட்டுமே பார்த்து வந்தவர். சவுத்எண்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார். காலையில் லண்டனுக்குத் திரும்பும்போது, லீ-ஒன்-சீ நிலையம் தாண்டியதும் வலப்பக்க மேட்டில் உடைந்த இரண்டு கோபுரங்கள் தெரியுமாம். ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஓய்வும் பெற்றுவிட்டார். பிறகு மகன் கூப்பிட்டான் என்று மனைவியோடு ரொறொன்ரோவுக்குப் போய்க் குடியிருக்க முடிவாயிற்று. போகமுன் அந்தக் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும், நீயும் வா பிள்ளை என்றார். போன புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். அண்ணை, நான், அண்ணையின் மனைவி தவமணி மச்சாள். மச்சாள் லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனால் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்கு விளங்காது.

சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரை விட்டு இங்கே வந்தோம். அண்ணை குடும்பம் அங்கேயே இருந்தது, சில வருடம் கழித்துத்தான் லண்டன் வந்தது. நாங்கள் வந்த கொஞ்சக் காலத்தில் ஊரிலிருந்து வந்த ஒருவர், உங்கள் வீட்டு வாசல் கதவைக் காணவில்லை, கழற்றி வண்டிலில் ஏற்றியது உங்கள் மச்சாள்தான், கண்ணால் கண்டேன் என்றார். முதிரை மரத்தில் செய்த இரட்டைக் கதவு அது. நிலை வைத்த அன்று மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவள் நான். கள்ளன் எடுத்தால் கள்ளன் என்று விடலாம். சொந்த மச்சாள் எடுத்தால் என்ன செய்வது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். படித்தது மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. மச்சாள் கனடா போய்விட்டால் இனி எங்கே பிடித்துக் கேட்பது? 'ஓம், எடுத்தனான், இதுக்குத்தான் எடுத்தனான்' என்று அவர் வாயால் ஒரு சொல் வர வேண்டும். கோட்டை அண்ணைக்கு. எனக்கு அந்தச் சொல்.

வழியைச் சொல்கிறேன். பிளேஸ்டோவிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரு தரிப்பு போனால் வெஸ்ட் ஹாம். அங்கே ஷூபரினெஸ் பக்கம் போகும் ரயிலை எடுக்க வேண்டும். லண்டனில் முதியோருக்குத் தரும் இலவச ஃப்ரீடம் பாஸ் அப்மின்ஸ்டர் வரைதான் செல்லும், அதற்கு அப்பால் டிக்கெட் எடுக்க வேண்டும். முதியோர் ரயில் அட்டை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். லீ-ஒன்-சீக்கு முக்கால் மணி நேரம். போகும்போது இடப்பக்கம் இருங்கள். பென்ஃபிளீட் தாண்டிய பிறகு கோட்டை அந்தப் பக்கம்தான் வரும்.

கதை பேச்சு இல்லை என்றால் வாயே திறப்பதில்லை என்று இளம் ஆட்கள் நினைக்கக் கூடாது. நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும். அவருக்குச் சொல்வது போல மற்றவருக்குச் சொல்வோம். அதுதான் சாடை. இத்தனை வருடமும் எங்களுக்கு நடு ஆள் அண்ணைதான். இன்னொன்று, கோபத்தில் இருப்பவர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

ரயில் பார்க்கிங் தாண்டும்போது மச்சாள் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றினார்.

"இஞ்சருங்கோ, ஆருக்கும் வேணுமெண்டால் கேளுங்கோ."

"பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்றார் அண்ணை.

"நான் கண்டபடி வாங்கிக் குடிக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை."

"வேண்டாமெண்டால் விடுங்கோ. ஊத்தினதை நான் குடிப்பன். வீணாக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை."

"மற்றாக்களின்ரை சாமானையும் வீணாக்கிறேல்லைப் போலை."

"கோட்டை வரப்போகுது, வெளியாலை பாருங்கோ ரெண்டு பேரும்" என்றார் அண்ணை. அப்போது ரயில் டகெனமைக்கூடத் தாண்டவில்லை.

லீ-ஒன்-சீயிலிருந்து கோட்டைக்கு இரண்டரைக் கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. சதுப்பு நிலத்தை ஒட்டிப் போய்க் கடைசியில் மேட்டில் ஏற வேண்டும். முழங்கால் நல்லவர்கள் அப்படிப் போகலாம். நாங்கள் டாக்சி பிடித்தோம், பத்துப் பவுண். ஹாட்லி ஊருக்குள் போய்க் கோட்டைப் பாதை முடியும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். சாரதி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அங்கே இரண்டு சுவர் தவிர ஒன்றும் இல்லை, தெரியும்தானே என்று கேட்டார். அண்ணை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்ன பதிலைப் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "நாங்கள் இடிஞ்ச வீடு பாத்துப் பழக்கப்பட்ட ஆக்கள் எண்டு சொன்னனான்." சாரதி என்னத்தை விளங்கினாரோ, சிரித்தபடி போனார்.

டாக்சி விட்ட இடத்திலிருந்து மண் பாதை சரிந்து இறங்குகிறது. முதல் நாள் பெய்த மழையில் சறுக்கியது. பாதி வழியில் இளைப்பாற ஒரு மர வாங்கு வந்தது. அண்ணை அதில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இறங்கினால் திரும்பி ஏற ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாத்து வந்து எனக்குச் சொல்லுங்கோ."

"உங்களுக்காண்டித்தானே வந்தது?" என்றார் மச்சாள்.

"அதுதான் சொல்லுறன். வடிவாப் பாத்துக்கொண்டு வாங்கோ."

முழங்கால் உண்மையாகவே நொந்ததா, அண்ணை திட்டம் போட்டு இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறார். மச்சாள் முன்னால், நான் பத்தடி பின்னால். அப்படித்தான் கோட்டைக்குள் போனோம்.

கட்டணம் இல்லை. வாசலும் இல்லை. ஒரு சிறு படலையைத் தள்ளிக்கொண்டு போனால் புல்வெளி, அதில் சுற்றிவரத் தரை மட்டத்தில் சுவர்களின் அடி. கடல் பக்கம் இரண்டு கோபுரங்கள். ஒன்று ஓரளவு முழுசாக நிற்கிறது. மற்றதன் பாதி, மண் சரிந்து மேட்டின் கீழே போய்விட்டது. கீழே தேம்ஸ் கடலோடு சேரும் இடம் அகலமாகக் கிடந்தது. கப்பல் ஒன்று அசையாதது போல நின்றது. காற்று பலம், சேலைக்கு மேல் போட்ட ஜக்கெற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டேன். கோபுரத்துக் கல்லைத் தொட்டுப் பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தில் சிப்பித் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. எங்கள் ஊரைப் போல இவர்களும் சிப்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களே என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல நடு ஆள் இல்லை.

மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவிப்புப் பலகையைப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் ஓடும். எனக்கு ஓடாது என்று அவருக்குத் தெரியும். பிறகு கோபுரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உரத்துச் சொல்லத் தொடங்கினார்.

"ராசாமார் இருந்த கோட்டையாம். பிறகு தேவையில்லையெண்டு ஒரு பெரிய ஆளுக்கு வித்துப்போட்டினமாம். வாங்கினவர் குடியிருக்கேல்லை. இடிச்சுக் கல்லுக் கல்லாய் வித்துப்போட்டாராம். இந்த மண்டபத்திலையே அடுப்பு மூட்டி யன்னலிலை இருந்த ஈயத்தை உருக்கி எடுத்தவையாம்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்க ஏலவில்லை. நானும் சுவருக்குக் கிட்டப் போனேன்.

"கேட்டியோ சுவரே, அந்த ஆள் காசு குடுத்து வாங்கித்தான் உன்னைக் கழட்டினவர். காசும் குடாமல், கேளாமல், வாசல் கதவைக் கழட்டினவையும் இருக்கினம்."

மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, உறைக்குள் வைத்தார். பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"சுவரே, நீ அப்ப எங்கடை ஒழுங்கையிலை இருந்தனியோ? கூரை ஓட்டை ஆர் எடுத்தது, வளை மரத்தை ஆர் எடுத்தது எண்டு பாத்தனியோ? செல்லடிக்குப் பதுங்க வெட்டின பங்கருக்கு மேலை போட எண்டு ஒரு வீட்டிலையும் பலகை மிச்சம் விடேல்லை. நாளைக்கு ஆரோ எடுக்கப்போற கதவை இண்டைக்கு நான் எடுத்தனான். ஓம். நான்தான்."

இவ்வளவு காலமும் காத்திருந்த சொல் வந்துவிட்டது. வெடி கொளுத்தின மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை, காற்றில் காது நொந்ததுதான்.

"எடுத்துத் தன்ரை வாசலுக்கு வைச்சாவோ எண்டு கேள் சுவரே."

"ஒரு வீட்டு வாசல் கதவை ஆரும் மற்ற வாசலுக்கு வைப்பினமோ? அவ்வளவு அறிவில்லாதவளோ நான்?" மச்சாள் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பாவம், சுவர் என்ன செய்தது. "இடம்பெயர்ந்து போன இடத்திலை தறப்பாள் கொட்டில். மாரி வந்து நிலமெல்லாம் சேறு. நாலு கல்லு வைச்சு, கதவை மேலை போட்டு, மூண்டு பிள்ளையளையும் அதிலைதான் படுக்க வைச்சனான். பானை சட்டியை விட்டிட்டுக் கதவைக் கொண்டு போறாள் எண்டு சனம் சிரிச்சது."

எனக்கு உடனே கடைசிப் பிள்ளையின் முகம் வந்தது. இப்போது கனடாவுக்குக் கூப்பிடுகிறவன் அவன்தான். சின்னதில் அவனுக்கு முட்டு வருத்தம், மழை இருட்டினாலே நெஞ்சு இழுக்கும். ஈர நிலத்தில் அவன் எப்படிப் படுத்திருப்பான்? அவன் படுத்திருந்தது என் கதவில். இந்தக் கணக்கை இத்தனை வருடமும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"இப்ப அந்தக் கதவு எங்கையாம்?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"திருப்பி ஓடேக்கை வண்டில் கிடைக்கேல்லை. பக்கத்துக் கொட்டிலிலை ஒருத்தி கைக்குழந்தையோடை இருந்தாள். அவளிட்டை விட்டிட்டு வந்தன்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் ஒரு சொல் சொல்லேல்லை?"

"கேட்டால்தானே சொல்ல. லண்டன் முழுக்கச் சொன்னவை, என்னட்டை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மற்றக் கோபுரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினோம். ஏற்றத்தில் மச்சாளுக்கு மூச்சு வாங்கியது. பத்தடி பின்னால் வந்தவள் பக்கத்தில் போய்விட்டேன். பாதை அந்த இடத்தில் அகலம்.

அண்ணை வாங்கில் அப்படியே இருந்தார். "என்ன கண்டனீங்கள்?"

"ரெண்டு கோபுரம்" என்றேன்.

"ஒண்டரைக் கோபுரம் எண்டு சொல்லுங்கோ உங்கடை தங்கச்சிக்கு" என்றார் மச்சாள்.

"பாதி விழுந்தாலும் அது கோபுரந்தான் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அண்ணை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எனக்குக் கேக்கேல்லை. நான் இனி ஒருத்தருக்கும் தபால்காரன் இல்லை. ரொறொன்ரோவிலை இருந்து இந்த வேலை செய்ய ஏலாது."

மச்சாள் தேநீர் ஊற்றினார். யாரையும் கேட்கச் சொல்லவில்லை. கோப்பையை நேரே என் பக்கம் நீட்டினார். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வாங்கிக் குடித்தேன்.

"மச்சாள், சீனி கூடிப்போச்சு."

"காலமை வாங்கியிருந்தால் இவ்வளவு கரைஞ்சிருக்காது, மச்சாள்."

அண்ணை காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, தெரியாத மாதிரிக் கோபுரத்தின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாங்கிலிருந்து அவ்வளவுதான் தெரியும். எனக்கு இது காணும், போதும் என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிபோல வெளிக்கிட்டால் பின்னேரம் நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மழைக்கு அடுத்த நாள் போகாதீர்கள், போனால் சறுக்காத சப்பாத்துப் போடுங்கள். கோட்டைக்குள் கழிவறை இல்லை, ரயில் நிலையத்திலேயே அலுவலை முடியுங்கள். திரும்பும் டாக்சிக்கு இறங்கும்போதே நேரம் சொல்லி வையுங்கள். சுவரில் சிப்பியைத் தேடிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும். சும்மா இரண்டு சுவர் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இடித்தவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்று மட்டும்தான் பலகையில் எழுதியிருக்கிறது. அந்தக் கல் இப்போது யார் வீட்டைத் தாங்குகிறது என்று எழுதவில்லை. அதை நான் திரும்பி வரும் ரயிலில் யோசித்தேன்.

அண்ணையும் மச்சாளும் கனடா போய்விட்டார்கள். கதவு எடுத்த கோபம் எனக்கு இப்போது இல்லை. சொல்லாமல் இருந்த கோபம் இருக்கிறது, அதை விட மாட்டேன். அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறொன்ரோவுக்குப் போன் எடுக்கிறேன். மச்சாள்தான் எடுப்பார். ஒரு மணி நேரம் கதைத்து முடிக்கும்போதுதான், அண்ணை எப்படி இருக்கிறார் என்று கேட்க மறந்தது நினைவு வரும்.