மம்பட்டிச் சத்தம்

முனீஸ்வரி எங்கள் ஊர் நூறு நாள் வேலைக்கு 'மேட்டு', அதாவது மேற்பார்வை பார்க்கிறவள். வேலைக்கு வரும் நாற்பது பெண்களையும் காலையில் ஒரு தரம், மதியத்துக்கு மேல் ஒரு தரம் வேலை இடத்திலேயே போனில் படம் பிடித்து வருகைப் பதிவுக்கு ஏற்றுகிறவள். பரளச்சிப் பக்கத்துக் கரிசல்காட்டில் மழை பெய்தும் கெடுக்கும், பெய்யாமலும் கெடுக்கும். இந்த வருஷம் பெய்து கெடுத்தது. மிளகாய் அழுகிப்போய், பல வீடுகள் நூறு நாள் கூலியையே நம்பி இருந்தன.

அதே மழையில் கண்மாய் பெருகி, பல வருஷம் கழித்து நாரைகள் வந்தன. உள்ளே நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. மாசியில் மரத்தடி காய்ந்ததும், அங்கேதான் தூர்வார வேண்டும் என்று உத்தரவு வந்தது.

தூர்வாராவிட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் தங்காது. மம்பட்டிச் சத்தம் கேட்டால் நாரை தங்காது. குஞ்சு பறக்க இன்னும் இருபது நாளாவது வேண்டும். முனீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மரத்தடியில் சத்தமில்லாமல் நின்று படம் எடுப்பது, வெட்டுவது மட்டும் தள்ளியிருக்கும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில். கெட்டிக்காரிதான், ஆனால் வாரக் கடைசியில் வெட்டிய குழியை அளக்க ஓவர்சியர் டேப்போடு வந்துவிட்டார்.

"எஸ்டிமேட்டுல இல்லாத இடத்த எப்படிம்மா நான் அளக்க?" என்றார். நல்ல மனுஷர், அவரைத் திட்டவும் வழியில்லை. நாற்பது பேருக்கும் அந்த வாரக் கூலி போயிற்று.

அடுத்த வேலை நாளில் கருத்தம்மாள் மம்பட்டியோடு மரத்தடியில் நின்றாள். முனீஸ்வரிக்குச் சித்தி முறை. புருஷன் படுத்த படுக்கை.

"ஏத்தா, பறவை மேல ஒனக்கு மட்டுந்தான் பிரியமா? எங்க வீட்டுல நேத்து ஒல வைக்கல. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

இருபது நாள் பொறு என்று சொல்ல முனீஸ்வரிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் வீட்டில் உலை கொதித்திருந்தது.

"வெட்டுங்க சித்தி."

முதல் வெட்டிலேயே நாரைகள் மொத்தமாக எழும்பின. பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, தாய் திரும்பாத கூடுகளை முனீஸ்வரி எண்ணினாள். பதினொன்று. சிலவற்றில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மற்றவற்றில் சத்தமே இல்லை.

கூலி ஏறிய அன்று கருத்தம்மாள் அரிசிப் பையோடு எதிரே வந்தாள்.

"பறவையெல்லாம் திரும்பிருச்சாத்தா?"

"திரும்பிருச்சு சித்தி" என்றாள் முனீஸ்வரி.