கதிரின் மேல் ஒரு கோடு

தண்டலத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அப்போது டீக்கடை வைத்திருந்தேன். ஐந்தாவது வரை படித்தவன்; அதிகம் பேசவும் வராது. ஒரு காலையில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த செல்வி டீ குடித்துவிட்டுச் சில்லறை கொடுத்தாள். அதில் ஒரு ரூபாய்க் காசில், பொறித்திருந்த தானியக் கதிருக்குக் குறுக்கே கோணலாக ஒரு கோடு. கீறல் விழுந்த காசை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்து, வாய் திறக்காமல் அவள் பக்கமே தள்ளினேன்.

பின்னால் நின்றவன் சிரித்தான். "இன்னா சிஸ்டர், செல்லாத காச தள்ளிவுடப் பாத்தியா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. காசின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"அண்ணாச்சி, தடவிப் பாருங்க. கீறல்னா குழியால்லா இருக்கும்? இது மேடா நிக்கி. காசு அடிக்கிற அச்சுல விரிசல்; அதுக்குள்ள உலோகம் ஏறித்தான் மேடாயிருக்கு. கம்பெனில அச்சுல அடிச்சு வார சாமானுக்கு செக்கிங் வேல எனக்கு, தெனமும் இந்த மாதிரி கோட்டத்தான் பாக்கேன். அந்த அச்சுல அடிச்ச மத்த காசுலயும் இதே எடத்துல கோடு இருக்கும். இது நேத்து நீங்க குடுத்த புதுச் சில்லறதான், ஒரே கட்டுல வந்துருக்கும். ஒங்க டப்பாவுலயும் கெடக்கும்."

டப்பாவைக் கவிழ்த்தேன். அவளே துழாவி இன்னொன்றை எடுத்து அருகில் வைத்தாள். அதே கதிர், அதே கோடு.

"யம்மா, இன்னா கண்ணு!" என்றான் சிரித்தவன்.

நான் ஏதும் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மறுநாள் அதே கூட்டத்தின் முன்னால், "தப்பு என்னுதும்மா" என்றேன். அதைச் சொல்ல இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அந்த இரண்டு காசுகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யார் மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் என் டப்பாவைத்தான் கவிழ்த்துப் பார்க்கிறேன்.