மழைநாள் மாணவி

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் இன்று ஒரு லொறி நிறைய ஒட்டுப்பாலின் நாற்றம் என்னைக் கடந்து போனபோது, எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், விடியலில் அம்மா பால் வெட்டுமுன் அவளோடு மரம் மரமாகப் போய் முந்திய வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு அதே நாற்றக் கையோடு என் பக்கத்தில் வந்து உட்காரும் செல்வி நினைவுக்கு வந்தாள். பிந்தி வந்தால் சரளைக்கல்லில் முழங்கால் போடவேண்டும் என்பது சட்டம்.

"மழைன்னா மட்டும் நேரத்துக்கு வர்றியே, எப்புடி?" என்றார் பெரிய வாத்தியார், ஒருநாள் பிந்தி வந்து முழங்காலில் நின்ற அவளிடம்.

"மழைக்குப் பால்வெட்டு இல்லீங்களே சார்."

நாங்கள் சிரித்தோம். அவர் அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டு, பள்ளி விடும்வரை முழங்காலிலேயே விட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பிந்தி வருவோர் எவருமில்லை என்று வாத்தியார் அந்த வருட அறிக்கையில் எழுதி, கல்விக் கந்தோரின் பாராட்டையும் வாங்கினார். பின்னாளில் அதே கந்தோரில் அதிகாரியாக அமர்ந்து அப்படிப்பட்ட அறிக்கைகளை நானும் பாராட்டியிருக்கிறேன். பள்ளிக்கே வராமல் போனவர்களுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.