கீறல் இல்லாமல் வந்தவள்

பேரையூர்ப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தபோது உள்ளே இருந்த என் தங்கை செல்வி ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தாள். கூட வேலை பார்த்த தோழி வரவில்லை. குலசாமிக்குக் கிடா வெட்டினோம். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அவளை அழைத்து வந்தேன். அவளுக்குத் தூக்கமே இல்லை. சாப்பிட்டால் வயிறு எரியும், சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "கேஸா இருக்கும்டி" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன்.

என் மகளின் சடங்குக்கு எங்கள் அண்ணன் தாய்மாமன் சீரோடு மண்டப வாசலுக்கு வந்ததும், வழக்கம்போல ஆயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் செல்வியைக் காணோம். பாத்திர அறையில் அண்டாக்களுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். "அக்கா, கதவு தெறக்கல... அவ உள்ள கெடக்கா" என்றாள். அவளுக்கு மூச்சு முட்டியது.

மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இதயம் நல்லாருக்கும்மா. அன்னைக்குப் பட்ட பயம் உடம்பை விட்டுப் போகல" என்ற டாக்டர், மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மாதாமாதம் போகிறோம்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இப்போது வெடி கிடையாது. ஆனால் தெருவை என்ன செய்ய? சாவு ஊர்வலத்தின் வெடிச்சத்தம் கேட்டாலே, போட்டது போட்டபடி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் அது சில்லிட்டுத்தான் கிடக்கிறது.