பனியன் பெட்டியில் தெரியும் நெஞ்சு

நெருப்பெரிச்சலில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு வாஷிங் மெஷினோடு தொழில் ஆரம்பித்தவன் நான். அந்த மெஷினும் இன்னொருவர் ஓட்டிச் சலித்துத் தூக்கிப் போட்டது. வெள்ளகோவிலில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் பயோ வாஷ் போடுவானா என்று கேட்டார்கள். போட்டேன். துணி பிறகு சுருங்காதபடி இறுக்கிக் கொடுக்கிற காம்பாக்டிங் மெஷின் வாங்கினால் துருப்பிடித்துத்தான் கிடக்கும் என்றார்கள். இன்றைக்கும் ஓடுகிறது, வந்து பார்க்கலாம். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தே பழுது நீக்கினேன். துணியில் இழையைக் கிளப்பிவிடுகிற ரெய்சிங்கையும் அதைச் சீவுகிற ஷியரிங்கையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தேன். இரண்டு மகள்களை இன்ஜினியர் ஆக்கினேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. கடைகளில் அடுக்கி வைத்திருக்கிற ஒரு பனியன் பெட்டியின் மேல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு மீசைக்காரன் ஒருவன் சிரிக்கிறானே, அவனுடைய நெஞ்சு. அதற்கு ஃபினிஷிங் போட்டவன் நான்தான்.

ஃபினிஷிங் லைனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தொழிலே முடி எடுக்கிற தொழில். பருத்தித் துணியில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை நாம் முடி என்றுதான் சொல்வோம். என்சைம் போட்டு எடுத்தால் பயோ வாஷ். பிளேடு உருளையில் சீவி எடுத்தால் ஷியரிங். முடி நின்றுவிட்டால் நாலு சலவையில் துணி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். “துணியில் முடி” என்று ஒரு ஃபினிஷிங்காரன் மேல் பேச்சு வந்துவிட்டால் அவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். எனக்கு அந்தப் பேச்சு வந்தது.

1. பேக்ஸில் வந்த பழி

அது பட்டன் செல்போன் காலம். பேக்ஸ் மெஷின் ஓய்ந்திருக்கவில்லை. எனக்கு நெடுநாளாக வேலை கொடுத்து வந்த தங்கவேல், அதுவரைக்கும் மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு பனியன் பிராண்டு கொண்டுவர முடிவு செய்தார். துணி ஃபினிஷிங் என்னிடம். பெட்டிக்குப் போட்டோவும் எடுத்தாயிற்று. அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். அப்போதுதான் ஒரு காலையில் பைக்கை ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“நாச்சிமுத்தண்ணா, பயோ வாஷ் போட்டீங்களா, இல்ல தண்ணியில நனைச்சுக் குடுத்துட்டீங்களா?”

“ஏனுங்க தங்கவேலு, காலங்காத்தால இப்படி?”

“போட்டோவ மதுரை ஏஜெண்டுக்குப் பேக்ஸ் பண்ணுனனுங்க. புதுப் பனியன்லயே இத்தனை முடி நிக்குது, இத எவன் வாங்குவான்னு கேக்கறாரு. யாரு ஃபினிஷிங்னாரு. உங்க பேரச் சொல்லிட்டனுங்க.”

“சொல்லிட்டீங்களா?”

“பின்ன, கேட்டா சொல்லோணுமல்லங்க.”

மத்தியானத்துக்குள் டீக்கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திருப்பூரில் பேச்சு பேக்ஸைவிட வேகமாகப் போகும்.

நான் அசல் போட்டோவை வாங்கி, துணியின் லூப்பை, அதாவது பின்னல் கண்ணியை, எண்ணுகிற லென்ஸை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கழுத்து ஓரத்திலும் கைக்குழியிலும் முடி நிற்கத்தான் செய்தது. நெஞ்சுப் பகுதி முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆனால் முடியின் நிறம் கறுப்பு.

“தங்கவேலு, இந்தத் துணி என்ன கலருங்க?”

“வெள்ளைங்க.”

“வெள்ளைத் துணியில கறுப்பு முடி எப்படிங்க மொளைக்கும்? இது என்ற முடி இல்லீங்க. இது உங்க ஆளோட முடி.”

விஷயம் இதுதான். படத்தில் நின்ற ஆளின் நெஞ்சு முடி, மெல்லிய பனியன் லூப்பு வழியாக வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. பேக்ஸில் எல்லாமே கறுப்பு வெள்ளைதானே, ஏஜெண்டுக்கு அது துணி முடியாகத் தெரிந்துவிட்டது.

தங்கவேல் லென்ஸில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. “சரிங்க. அதுக்காக ஒவ்வொரு கடையிலயும் போயி, ஏனுங்க இது நெஞ்சு முடிங்கன்னு சொல்லிட்டிருக்க முடியுங்களா?”

கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தார்கள். முடியோடு துணியில் மேடும் பள்ளமுமாக ஓடுகிற ரிப் கோடும் அழிந்து, பனியன் பிளாஸ்டிக் கவர் மாதிரி ஆகிவிட்டது. வேறு ஆளைப் போடலாம் என்று கம்பெனியில் இருந்தவர்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னோம். பாதிப் பேருக்குத் தொந்தி. மீதிப் பேருக்குத் துணியில் இருக்கிற ரிப்பைவிட விலாவில் ரிப் அதிகம்.

“அந்த முடிய நானே எடுத்துத் தாரனுங்க” என்றேன். “ஞாயித்துக்கிழமை மறுபடி போட்டோ எடுங்க. மதுரைக்காரரு என்ற பேர எந்த வாயில சொன்னாரோ அந்த வாயிலயே நல்ல வார்த்தை வாங்கறனா இல்லியான்னு பாருங்க.”

2. சாம்பிள் பார்க்காமல் பல்க் இல்லை

படத்தில் நின்றவன் பெயர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், தங்கவேலின் கட்டிங் மாஸ்டர். ஜிம்முக்குப் போய் உடம்பைக் கும்மென்று வைத்திருந்தான். நெஞ்சில் மட்டும் கம்பளி விரித்த மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டான்.

“என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதீய? நெஞ்சுல முடி இல்லன்னா எங்க ஊர்ல ஒரு மாதிரி பாப்பாவ. எங்க மாமனாரு பொண்ணு குடுத்ததே இதப் பாத்துத்தான்.”

“பெட்டியில உன்ற படம் வந்தா உங்க மாமனாரு தூத்துக்குடி பூரா எடுத்துட்டுப் போயிக் காட்டுவாரு கண்ணு. முடி மறுபடி மொளைக்கும். பெட்டி மறுபடி வராது.”

யோசித்தான். “சரி. மீசையத் தொடப்படாது. தொட்டீயன்னா நான் ஊருக்குப் போயிருவேன்.”

தங்கவேல் அதற்குள் சோப்பு நுரையும் ரேசருமாக வந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். புதுக் கெமிக்கல் வந்தால் முழு லாட்டையும் மெஷினில் கொட்டுவோமா? ஒரு துண்டு வெட்டிச் சாம்பிள் போட்டு, அதைப் பார்த்து அப்ரூவல் வாங்கிய பிறகுதானே பல்க்? துணிக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷனுக்குக் கொடுக்க வேண்டாமா?

அந்தோணியின் கெண்டைக்காலில் மார்க்கர் பேனாவால் நாலு கட்டம் போட்டேன். ஒன்றில் ரேசர். ஒன்றில் சலூனில் கேட்டு வாங்கிய கிளிப்பர், அதாவது நம் ஷியரிங். ஒன்றில் மருந்துக்கடையில் விற்கிற முடி நீக்கும் கிரீம், அதாவது நம் பயோ வாஷ். நாலாவது, முடியை வேரோடு பிடுங்குகிற மெழுகான வேக்ஸுக்கு. கோயம்புத்தூரில் லேசர் வந்திருப்பதாகத் தங்கவேல் சொன்னார். விசாரித்தால் பல தடவை போய் வர வேண்டுமாம். நமக்கு இருப்பது ஒரு வாரம். அதை விட்டோம்.

கிளிப்பர் கட்டத்தில் குட்டை முடி மிச்சம் நின்றது. அதன் மேல் பனியன் துணியை விரித்தால் அப்போதும் எட்டிப் பார்த்தது. கேன்சல்.

ரேசர் கட்டம் மழுமழுவென்று இருந்தது. “இதே போதுமுங்கண்ணா” என்று தங்கவேல் குதித்தார். துணியை மேலே போட்டுக் காட்டினேன். மழித்த தாடை மாதிரி நீலம் பூத்து, வெள்ளைத் துணிக்கு அடியில் கறை போலத் தெரிந்தது. மறுநாள் அதே இடத்தில் துணியைத் தேய்த்தேன். சரசரவென்று சத்தம். லென்ஸில் பார்த்தால் முள் முடி லூப்பைப் பிடித்து இழுத்திருந்தது. பொய்யாகச் சொன்ன பழி மெய்யாகிவிடும் போல் இருந்தது. கேன்சல்.

கிரீமுக்கு வருகிறேன். அட்டையில் சில நிமிஷம்தான் போட்டிருந்தது. பருத்திக்கே ஒரு மணி நேரம் ஊற வைக்கிறோம், இவ்வளவு கனத்த முடிக்குச் சில நிமிஷம் எந்த மூலைக்கு என்று நான் கொஞ்சம் கூட விட்டேன்.

“அண்ணாச்சி, எரியி.”

“என்சைம் வேலை செய்யுது கண்ணு.”

“என்சைம் இல்ல அண்ணாச்சி, எங்காலு! காலு வேவுது!”

தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். முடி போயிருந்தது, ஆனால் கட்டம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஷேடு மாறிவிட்டது. இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: தோலுக்கு அட்டையில் போட்டிருக்கிற நேரம்தான் நேரம். சாம்பிள் போட்டதனால் கெண்டைக்காலோடு போயிற்று. பல்க்கில் போட்டிருந்தால் நெஞ்சு முழுக்கச் சிவப்புச் சாயம்.

மிச்சம் வேக்ஸ்.

3. மல்லிகா சிரித்த சிரிப்பு

அன்றைக்கு வேக்ஸ் தெரிந்தவர்கள் லேடீஸ் பார்லரில்தான் இருந்தார்கள். அருள்புரத்தில் மல்லிகா என்ற பெண் பார்லர் வைத்திருந்தாள். வாசலில் “பெண்களுக்கு மட்டும்” என்று பெரிய போர்டு. நான் படியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

“ஆம்பளையாளுக்கு நான் பண்ண மாட்டனுங்ணா. வேணும்னா டப்பாவும் பட்டையும் தாரேன், சொல்லித் தாரேன். நீங்களே பண்ணிக்குங்க.”

“பட்டைன்னா?”

“மேல வச்சு இழுக்கறதுக்குத் துணிப் பட்டைங்க.”

“அம்மிணி, நான் ஃபினிஷிங் நாச்சிமுத்து. துணியப் போயி வெளிய வாங்குவனா? டப்பாவ மட்டும் குடு.”

தங்கவேலின் கம்பெனிக்கு வந்து, கட்டிங் வேஸ்ட்டிலிருந்து அருமையான பனியன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டினேன். வேக்ஸைச் சூடாக்கி, என் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, நாலாவது கட்டத்தில் தடவி, துணியை ஒட்டி இழுத்தேன். துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் துணி இரண்டு சாண் ஆயிற்று. வேக்ஸும் முடியும் காலிலேயே இருந்தன. அந்தோணி மட்டும் துணியோடு சேர்ந்து நீளமாகக் கத்தினான்.

“யேசுவே! பிச்சி எடுத்தா எடுங்க, இல்லன்னா விடுங்க! ஏன் அண்ணாச்சி ரப்பரு மாதிரி இழுக்குதீய?”

மறுபடி அருள்புரம். நடந்ததைக் கேட்டு மல்லிகா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்த பெண்களும் சிரித்தார்கள்.

“ஏனுங்ணா, பனியன் துணிய இழுத்தா நீளுமுங்க. ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயுசு முழுக்க நீளுகிற துணியையே தொட்டவனுக்கு, நீளாத துணி என்று ஒன்று உலகத்தில் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவள் கொடுத்தது பல்லடத்துத் தறியில் ஓடுகிற காடாத்துணி. என் கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே வேக்ஸைத் தடவிப் பட்டையை ஒட்டினாள்.

“முடி போற பக்கமா தடவோணும். அதுக்கு எதிர்ப்பக்கமா, தோலோட ஒட்டி, வெடுக்குன்னு இழுக்கோணும். மேல தூக்கக் கூடாதுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் இழுத்துவிட்டாள். வாயில் வந்ததைப் பெண்கள் முன்னால் சொல்ல முடியாமல் முழுங்கினேன். சாயங்காலம் ஊட்டுக்காரி கையைப் பார்த்துவிட்டு, “எந்த மெஷின்ல உட்டீங்க?” என்று கேட்டாள்.

“பண்ணுனதும் ரெண்டு மூணு நாளு செவந்திருக்குமுங்க. போட்டோவுக்கு முன்னாடியே பண்ணிருங்க” என்றும் மல்லிகா சொன்னாள். அன்று புதன்கிழமை. காடாத்துணியில் சாம்பிள் போட்டேன். கட்டம் சுத்தம். மறுநாள் துணியைத் தேய்த்தேன், சத்தமில்லை. தங்கவேல் பார்த்து அப்ரூவல் கொடுத்தார்.

4. நாலு திசை

வியாழக்கிழமை பல்க். அந்தோணியைக் கட்டிங் டேபிள் மேல் படுக்க வைத்தோம். இங்கேதான் என் சர்வீஸ் பேசியது. மல்லிகா ஒரு திசைதான் சொன்னாள். அந்தோணி நெஞ்சில் முடி நாலு திசையில் போயிற்று. நடுவில் மேலே, ஓரத்தில் கீழே, மார்க்காம்புக்குப் பக்கத்தில் சுழி. ரெய்சிங் துணியில் முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று கையால் தடவியே சொல்லுகிறவன் நான். தடவிப் பார்த்து, துணிக்குப் போடுகிற சாக்பீஸால் அவன் நெஞ்சில் அம்புக்குறி போட்டேன். காடாத்துணியைச் சின்னச் சின்னதாக வெட்டினேன். பவுடர் போட்டு, அம்பு போகிற பக்கமாக வேக்ஸ் தடவித் துணியை ஒட்டி, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு அம்புக்கும் எதிர்த் திசையில் இழுத்தேன்.

முதல் இழுப்பில் தையல் செக்ஷனில் மெஷின்கள் நின்றுவிட்டன. எல்லோரும் கதவருகே வந்து நின்றார்கள். தங்கவேல் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

“அண்ணாச்சி, உசுரு போவுது!”

“போகாது கண்ணு. பாதி லாட்டு முடிஞ்சுது.”

“பாதிதானா? அப்ப இப்பிடியே போட்டோ எடுங்க, பாதிப் பெட்டிக்கு ஆவும்!”

“உங்க மாமனார நெனைச்சுக்க.”

“நெனைச்சேன் அண்ணாச்சி. இன்னும் வலிக்கி!”

முடித்து, ஈரத்துணி போட்டுத் துடைத்தபோது அவனே குனிந்து பார்த்துக்கொண்டான். “பச்சப்புள்ள மாதிரில்லா இருக்கு” என்று வெட்கப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சிவப்பு அடங்கிவிட்டது. போட்டோவில் ரிப் ஒவ்வொரு கோடாக எழுந்து நின்றது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தங்கவேல் பேக்ஸ் அனுப்பிவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மதுரைக்குப் போன் போட்டார். ஏஜெண்டின் குரல் எனக்கே கேட்டது.

“துணின்னா இதுதாங்க துணி! யாரு ஃபினிஷிங்?”

தங்கவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “நம்ம கம்பெனி ஃபினிஷிங்ங்க.”

போனை வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார். குடித்தேன். நல்ல டீ.

பிள்ளைகளே, கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். ஒரே வழி எல்லாத் தோலுக்கும் ஒத்துவராது, எல்லாத் துணிக்கும் ஒத்துவராத மாதிரி. சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் விட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

தங்கவேலுக்கும் ஒன்று. அந்தப் பிராண்டு இன்றைக்கு எத்தனையோ ஊருக்குப் போகிறது. மாமனார் ஒரு பெட்டியை வாங்கி ஷோகேஸில் வைத்திருப்பதாக அந்தோணி சொன்னான். பெட்டியின் அடியில் போட்டோ எடுத்தவர் பெயர் இருக்கிறது, அச்சடித்த பிரஸ் பெயர் இருக்கிறது. அடுத்த தடவை அச்சுக்குப் போகும்போது அங்கே இன்னொரு வரி வேண்டும்: ஃபினிஷிங், நெருப்பெரிச்சல் நாச்சிமுத்து. மல்லிகா பெயரையும் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு சைஸ் சின்ன எழுத்தில். துணியில் முடி என்று பழி வந்தபோது யார் ஃபினிஷிங் என்று கேட்டதும் என் பெயரைத் தயங்காமல் சொன்னீர்கள் தங்கவேலு. முடி போன பிறகும் அதே பெயரைச் சொல்லுங்கள். துணிக்கும் நான்தான், நெஞ்சுக்கும் நான்தான்.