பை கட்டியவரின் படம்

அந்தப் படம் எதைப் பற்றியது என்று முன்பே தெரிந்திருந்தால் அக்காவை அங்கே அழைத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அக்கா இருப்பது திண்டிவனத்தில். அன்று என்னைப் பார்க்க விழுப்புரம் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவாள்; வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை என்றாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் அவளுக்கு. என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தமிழாசிரியையும் அவர் நண்பர்களும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையின் மாடியில் அவ்வப்போது படம் போடுவார்கள். பல முறை கூப்பிட்டும் நான் போனதில்லை. அன்று போகிற வழிதானே என்று அக்காவையும் ஏறச் சொன்னேன்.

"பாட்டு ஃபைட்டு எல்லாம் இருக்குமாடி?" என்று படியேறும்போது கேட்டாள்.

படத்தின் முதல் காட்சியிலேயே ஒரு மனிதரின் வயிறு. தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, குடலின் நுனி வெளியே தெரிந்தது. ஒரு பெண்ணின் கை அதைச் சுற்றி வெந்நீர்த் துணியால் துடைத்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார், திரையிலிருந்து நாற்றம் வருவதைப் போல. இரண்டு பையன்கள் எழுந்து வெளியே போனார்கள்.

மலக்குடலில் புற்றுநோய் வந்து, அதை வெட்டி எடுத்து, வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்துப் பை மாட்டிவிட்ட ஒரு டீக்கடைக்காரரைப் பற்றிய படம். மாமாவுக்கும் அதேதான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்தில் விசில் அடித்தால் கூட்டேரிப்பட்டு வரைக்கும் கேட்கும் என்று அவரைக் கேலி செய்வோம். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மனிதர் வேலைக்குப் போகவில்லை. கல்யாணம் காட்சிக்கு வரவில்லை. நாங்கள் பார்க்கப் போனால் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு, வந்த கொஞ்ச நேரத்திலேயே, "பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்புங்க" என்பார். பை வைத்திருக்கிறார்கள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எடுக்கவில்லை.

"போயிடலாமாக்கா?" என்று காதருகில் கேட்டேன்.

"இரு," என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டீக்கடைக்காரரின் மனைவி புதுப் பையின் வட்டத்தைக் கத்தரியால் அளவாக வெட்டினாள். ஒட்டுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றினாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கைகளும் மடிமேல் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"மொதல்ல செத்துப்போயிடலாம்னுதான் இருந்தேன்," என்று அந்த மனிதர் கேமராவைப் பார்த்துச் சொன்னார். "அப்புறம் கடையில டீ போட ஆள் இல்லையேன்னு எழுந்து வந்துட்டேன்."

அடுத்து அவர் கடை. பெஞ்சு நிறைய ஆட்கள். டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து காற்றுப் பிரியும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் இல்லப்பா, இவன்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டுகிறார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்க, அவரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். ஹாலில் மூக்கைப் பொத்தியிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அக்கா அந்த இடத்தில்தான் உடைந்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் திரை தெரியவில்லை.

படம் முடிந்ததும் அதை எடுத்த பெண் முன்னால் வந்து நின்றாள். சின்ன வயசு. யாராவது ஏதாவது கேட்கலாம் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அவரு இருக்காராம்மா இப்ப?"

"இருக்காருங்கம்மா. நல்லா இருக்காரு. கடைக்குப் போறாரு."

"நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து கீழே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி தயாராக நின்றது. அக்கா ஏறவில்லை. ஒரு பூக்காரம்மாவுக்குப் பக்கத்தில் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்க மாமா ஏன் மாதா கோயிலுக்கு வர்றதில்லன்னு எல்லாரும் கேப்பீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "பூசையில எல்லாரும் சத்தம் இல்லாம முட்டி போட்டுக்கினு இருக்கிற நேரத்துல ஒரு வாட்டி இப்படித்தான் ஆயிடுச்சு. முன்னாடி இருந்த புள்ளைங்க திரும்பிப் பாத்து சிரிச்சிதுங்க. அதோட சரி. அப்புறம் கோயிலுக்கு வெளிய, வண்டி மேலயே உக்காந்துக்கினு ஸ்பீக்கர்ல பூசை கேப்பாரு. ஒலகத்துலயே தனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனைச்சிக்கினு இருந்தாருடி. இன்னொருத்தரு இருக்காருன்னு தெரிஞ்சிருந்தாக்கூட கொஞ்சம் வெளிய வந்திருப்பாரு."

பஸ் நகர்ந்து போனது. அடுத்ததில் போகிறேன் என்றாள்.

"செத்த அன்னிக்கு நான் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு கதவ சாத்திக்கினேனே..."

எனக்கு நினைவிருந்தது. சவப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது, பங்குச் சாமியார் கோயிலில் காத்திருக்கிறார் என்று பெரியம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். புருஷனோடு தனியாக அழட்டும் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

"அழலடி. புதுப் பை ஒண்ணு மாட்டுனேன். அது ஒட்டவே இல்ல. ஒடம்பு ஜில்லுனு இருந்துச்சு. கையில வச்சி வச்சி சூடு பண்ணேன். அழுக்குப் பையோட அவர அனுப்ப எனக்கு மனசு வரல. எப்படியோ ஒட்டிட்டுத்தான் கதவத் தொறந்தேன்."

பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழாசிரியையிடம் கேட்டு அந்தப் படத்தை வாங்கி ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அக்காதான் அனுப்பச் சொன்னாள். அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்ற அளவுக்குத்தான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். பையைப் பற்றி ஊரில் யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். "முடியல சித்தி," என்று ஒரு வரி மட்டும் எனக்கு வந்தது. அக்காவிடம் சொன்னேன். "விடு, பாவம்," என்றாள்.

சில நாட்கள் கழித்து அவளே எனக்குப் போன் செய்தாள். மகன் கூப்பிட்டானாம். வேலை, சாப்பாடு என்று ஏதேதோ பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டானாம்: "அம்மா, அது அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"அதுல வலியே இருக்காதுடா, தொட்டாக்கூடத் தெரியாது, வெக்கந்தான் அவருக்குன்னு சொன்னேன்," என்றாள் அக்கா. "அவன் அழுதுக்கினு இருந்தான். நான் போன வைக்காம கேட்டுக்கினே இருந்தேன்."